கையெழுத்துக்குள் இருந்த மலை

ஜூன் 2, திங்கள்

என் பெயர் சுடலைமுத்து. ஊர் வால்பாறை. இன்று மழை பெய்தது. ரசம் வைத்தோம்.

ஜூன் 3, செவ்வாய்

நேற்று எழுதிய நான்கு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது. இன்று அதைத் திரும்பப் படித்தேன். ரசம் என்று படித்ததும் ரசத்தின் வாசனை வந்தது. இப்படி ஒரு வசதி இருப்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்று.

பால்வாடிக் கட்டடத்தில் மாலை வகுப்பு நடத்தும் ஜெனிபர் டீச்சர்தான் இந்த நோட்டைக் கொடுத்தார். ஓராண்டு விடாமல் வந்ததற்குப் பரிசு. தினமும் நடந்ததை எழுத வேண்டுமாம். "யார் டீச்சர் படிக்கப் போறா?" என்றேன். "நீங்கதான் தாத்தா" என்றார். நல்ல ஏற்பாடு. என் கையெழுத்து எனக்குப் புரியும்.

வகுப்பில் எனக்கு முன் பெஞ்சு. டீச்சரின் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆ என்னும்போது வாய் கதவாகத் திறக்கிறது. ஊ என்னும்போது சின்ன ஜன்னலாகிறது.

ஜூன் 5, வியாழன்

இந்த ஆண்டு மழை மெத்தென்று பெய்கிறது. எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. முன்பெல்லாம் ஆனி மழை வந்தால் வீட்டுக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. இப்போது பஞ்சு விழுவது போல் விழுகிறது. மேகம் வாசல் வழியாக வந்து அடுப்படியில் சற்று நின்றுவிட்டுப் பின்கதவு வழியாகப் போகிறது. ஊரே தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருக்கிறது. காக்கைகூட மரியாதை கற்றுக்கொண்டது.

குக்கர் மட்டும் விசில் அடிப்பதில்லை. பருப்பு தீய்ந்துவிட்டது. வெயிட்டை மாற்றச் சொன்னேன்.

ஜூன் 6, வெள்ளி

என் மகள் தவமணி காலை ஆறு மணிக்கு வேனை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சி போனாள். மருமகன் இறந்து நான்கு ஆண்டு ஆகிறது. அவர் விட்டுப்போன ஆம்னி வேன்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைக் கூட்டிப் போவாள். மற்ற நாட்களில் உள்ளூர் வாடகை. பொள்ளாச்சிக்கு இறங்க நாற்பது கொண்டை ஊசி வளைவு. நாற்பதையும் அவள் ஒரு கையால் திருப்புவாள். நான் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தோசை திருப்புகிற மாதிரி இருக்கும்.

திரும்பி வந்ததும் சொன்னாள். "அப்பா, பின்னால என்னமோ சத்தம் வருது. பதினஞ்சு நாளாக் கேட்டுட்டே இருக்கேன். இன்னைக்கு ஜாஸ்தி."

பீரிடம் காட்டச் சொன்னேன். பீர் முகமது இங்கே பட்டறை வைத்திருக்கிறார். சொந்தக் கையால் வேலை செய்கிறவர்.

ஜூன் 9, திங்கள்

இன்று பெரிய நாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தாளைப் பிறருக்குப் படித்துக் காட்டினேன்.

பீர் வேனைப் பார்த்துவிட்டு, என்ன மாற்ற வேண்டும், எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடுத்தார். தவமணி தாளை வாங்கி மடிக்கப் போனாள். "கொடு, நான் படிக்கிறேன்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டு தந்தாள். அடுப்படியில் நின்று நான் படிக்க அவள் கேட்டாள். பீர் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி எழுதியிருந்தார். அது இது.

பின் பேரிங் 2 - 1900
ஆயில் சீல் 2 - 360
ஆக்சில் ராடு 1 - 3200
பிரேக் ஷூ - 950
கூலி - 1800
மொத்தம் - 8210

எண் எனக்கு எப்போதும் தெரியும். கூட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. சக்கரத்தைச் சுற்ற விடுகிறது பேரிங், சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரும்புத் தண்டு ஆக்சில் ராடு என்று அவளுக்கு விளக்கினேன். அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டாள்.

"பேரிங் சத்தத்துக்கு எதுக்குப்பா ராடு மாத்தணும்?"

அப்போது தோட்டக் குடியிருப்பின் நான்காம் லைனில் இருக்கும் எஸ்தர் வந்தாள். கண்ணுக்கு மருந்து போட வாரம் இருமுறை எங்கள் வேனில் பொள்ளாச்சி போகிறவள். அவள் பேசினால் நாலு தெருவுக்கு நியாயம் கிடைக்கும். வாயை நன்றாகத் திறந்து பேசுவாள். அதனால் எனக்குப் பிடிக்கும்.

"பீர் வீட்ல அடுத்த மாசம் நிக்காஹ். மூத்தவளுக்கு. பிரியாணிக்கு ஆடு யாரு தலையில விழுகுதுன்னு பாத்தேன், ஒன் வேனு தலையில விழுது" என்றாள்.

தவமணி யோசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்க ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க. நீங்க பேரிங்னு சொல்லிட்டா மறுபேச்சில்லாம போட்டுக்கலாம்."

ஜூன் 10, செவ்வாய்

காது பற்றி எழுத வேண்டும். நான் தேயிலை ஃபேக்டரியில் முப்பத்தாறு வருடம் எண்ணெய் விடும் வேலை பார்த்தேன். எந்திரத்தின் மேல் கொய்யாக் கட்டையை வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பேன். எட்டு நாளில் இந்த பேரிங் போகும் என்பேன். எட்டாம் நாள் போகும். ஒருமுறை ஒன்பதாம் நாள் போனது. ஒரு நாள் தள்ளியதற்கு மேலதிகாரி என்னைக் கேலி செய்தார்.

வேலையிலிருந்து நின்ற பிறகும் ஊரில் ஆட்டோக்காரர், மாவு மில்காரர் எல்லாம் கூப்பிடுவார்கள். பீரும் கூப்பிடுவார். "பெரியவரே, கொஞ்சம் காது கொடுங்க" என்பார். சுடலைமுத்து காது சொன்னால் அது தீர்ப்பு.

கடந்த ஒரு வருடமாக நான் யாருக்கும் கேட்டுச் சொல்லவில்லை. வகுப்பு இருக்கிறது. நேரமில்லை.

குக்கருக்குப் புது வெயிட் வாங்கி வந்தாள். அதுவும் அடிக்கவில்லை.

ஜூன் 11, புதன்

பட்டறைக்குப் போனோம். பீர் வேனின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். தவமணி உள்ளே உட்கார்ந்து எஞ்சினை ஓட்டி கியர் போட்டாள். பின் சக்கரங்கள் காற்றில் சுற்றின. அழகாக இருந்தது. சேறு வட்டமாகத் தெறித்தது. இரண்டு ஆட்டோக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள்.

பீர் நீளமான ஸ்க்ரூ டிரைவரைத் தந்தார். அதன் முனையைச் சக்கரத்தின் உள்பக்கம் வைத்தேன். கைப்பிடியைக் காதில் வைத்தேன். கண்ணை மூடினேன். எல்லோரும் என் முகத்தையே பார்ப்பது கண்ணை மூடினாலும் தெரிந்தது.

நல்ல அமைதி. மேகத்துக்குள் நிற்பது போல் இருந்தது.

வெகுநேரம் அப்படியே நின்றேன். பிறகு டயரைப் பார்த்தேன். ஒரு ஓரம் தேய்ந்திருந்தது. "பேரிங் இல்ல. டயர் சத்தம்" என்றேன்.

டயர் தேய்ந்திருந்தது உண்மைதான்.

பீரின் முகம் சுருங்கியது. "நல்லா வச்சுக் கேட்டீங்களா பெரியவரே?" என்றார். கேட்டேன் என்றேன். "அப்ப நான் பொய்யா எழுதியிருக்கேன்?" என்றார். ஆட்டோக்காரர்களில் ஒருவன் மற்றவன் தோளைத் தட்டினான். பீர் என் பையிலிருந்த தாளை வாங்கினார். முழங்கால் மேல் வைத்து, கீழே எதையோ வேகமாகக் கிறுக்கினார். அவர் கையெழுத்தாக இருக்கும். தாளைக் காட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னார். தலையாட்டி வாங்கிக்கொண்டேன். தவமணி அப்போதுதான் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"டயர்தாம்மா. முன் டயரப் பின்னால மாத்தினாப் போதும்" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம்.

ஜூன் 12, வியாழன்

வேறு கடையில் டயரை முன்னும் பின்னுமாக மாற்றினாள். மழை. துவரம்பருப்பு ஊறப்போட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

பொள்ளாச்சி போய் வந்தாள். "சத்தம் கொஞ்சம் இருக்கேப்பா" என்றாள்.

"புது டயர் போட்டாப் போயிரும்."

"அப்ப சரி."

அவள் அப்ப சரி என்று சொல்லும் அழகு அவள் அம்மாவுடையது. அவளும் இப்படித்தான் நான் என்ன சொன்னாலும் நம்புவாள்.

ஜூன் 14, சனி

டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். வீட்டில் எழுதியிருப்பது எதுவானாலும் அதைப் பார்த்துப் பத்து வரி எழுத வேண்டும். மஞ்சள்தூள் பாக்கெட், காலண்டர், மின்சாரக் கட்டண அட்டை எல்லாம் எழுதி முடித்தேன். மஞ்சள்தூள் பாக்கெட்டில் 'ஈரமில்லாத கரண்டியைப் பயன்படுத்தவும்' என்று இருக்கிறது. முகம் தெரியாத ஒருவர் எனக்காக இவ்வளவு அக்கறையாக எழுதிவைத்திருக்கிறார்.

பீரின் தாளையும் எடுத்தேன். மேலே உள்ளது சுலபம். கீழே உள்ள கையெழுத்தை உற்றுப் பார்த்தால், அதற்குள் ஒரு 'லை' இருக்கிறது. என் பெயரில் உள்ள அதே லை. எனக்கு எழுத்துகளில் மிகவும் பிடித்தது அதுதான். முன்னால் இரண்டு சுழி, யானை தும்பிக்கையைத் தூக்கி வருவது போல்.

பீர் முகமது என்ற பெயரில் லை எங்கே வருகிறது?

ஜூன் 15, ஞாயிறு

லைக்கு முன்னால் இருப்பது 'ம'. மலை. பீர் தன் கையெழுத்துக்குள் ஒரு மலையை வைத்திருக்கிறார். மலையில் பிழைப்பவர் அல்லவா. எனக்கும் கையெழுத்துக்குள் எதையாவது வைக்க ஆசை வந்தது. ஒரு தேயிலைக் கொழுந்து வரைந்து பார்த்தேன். ஆட்டுக்காது போல் வந்தது.

நாளெல்லாம் மலை, மலை என்று எழுதினேன். ஜன்னலுக்கு வெளியே மலையைக் காணவில்லை. மேகம் மூடிவிட்டது. தாளில் மட்டும் இருந்தது.

பக்கத்து வீட்டில், "தவமணி ஏன் இப்பல்லாம் அப்பாகிட்ட சத்தம் போடுது, சண்டையா?" என்று கேட்டார்களாம். அவளே வந்து சொல்லிச் சிரித்தாள்.

ஜூன் 16, திங்கள்

கையெழுத்து நீளமானது. பெயர் இவ்வளவு நீளம் இருக்காது. பின்பாதியில் 'சக்கரம்' என்று ஒரு சொல். எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்து ஓடுவதால் பிரிப்பது கடினம். நடுவில் வருவதன் கடைசி எழுத்து 'ம்'. தொடக்கம் 'வே'. தவமணியிடம் கேட்டால் ஒரு நொடியில் சொல்வாள். கேட்கவில்லை. நானே படிக்க வேண்டும்.

வேல், வேப்பம், வேலம், வேகம். எதுவும் பொருந்தவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

காலை ஆறு மணிக்குத் தவமணி கிளம்பினாள். எஸ்தரும் இன்னும் மூன்று பேரும் வண்டியில். நான் வாசலில் நின்று கை காட்டினேன். வேன் மேகத்துக்குள் போயிற்று. முதலில் விளக்கு மறைந்தது, பிறகு வேன்.

பத்து மணி வாக்கில் நோட்டை எடுத்தேன். வே. ண். டா. ம்.

வேண்டாம்.

இரண்டாவது முறை முதலிலிருந்து வந்தேன். மூன்றாவது முறை விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வந்தேன். பதினொன்றரைக்கு முழுவதும் படித்து முடித்தேன். அதைப் பார்த்து எழுதுகிறேன்.

பேரிங் மாற்றாமல் மலை இறங்க வேண்டாம். சக்கரம் கழன்று வந்துவிடும்.

குடையை எடுக்காமல் ரோட்டுக்குப் போனேன். அவளிடம் போன் இருக்கிறது. என்னிடமும் இருக்கிறது. போனில் பேசுவது எனக்குச் சரிப்படுவதில்லை. சுற்றிலும் யாருமில்லை. வளைவில் உள்ள கல்லில் உட்கார்ந்தேன். நாற்பது வளைவையும் மனதுக்குள் ஒவ்வொன்றாக இறங்கினேன். ஒன்பதாவது வளைவில் வரையாடு நிற்கும். அங்கே மெதுவாகப் போவாள். பிறகு ஆழியாறு அணை தெரியும், எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்து பார்ப்பார்கள். சாயாதீர்கள் என்று சொன்னேன். மேகம் என் மடியில் வந்து உட்கார்ந்தது. எந்த வண்டி வந்தாலும் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. எல்லா வண்டியும் திடீர் திடீரென்று முளைத்தன.

நாலே காலுக்கு எங்கள் வேன் முளைத்தது. தவமணி கண்ணாடியை இறக்கினாள். "என்னப்பா இது, இப்படி நனைஞ்சுட்டு?"

"சும்மா நடந்து வந்தேன்."

எஸ்தர் உள்ளிருந்து, "பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் பரீட்சை போல, ரோட்ல நின்னு படிக்கிறாரு" என்றாள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். இரவுச் சாப்பாட்டில் முருங்கைக்கீரை. அவள் களைத்திருந்தாள். வேன் வாசலில் நிற்கிறது. நிற்கிற வேன் ஒன்றும் செய்யாது.

ஜூன் 18, புதன்

சொல்லவில்லை. பீர் கோபத்தில் எழுதியிருக்கலாம். மிரட்டுவதற்கு எழுதியிருக்கலாம். எஸ்தர் சொன்னதுபோல ஆட்டுக்காக எழுதியிருக்கலாம். உண்மை என்ன என்பதை ஒரு முறை கேட்டுவிட்டால் போதும்.

கேட்டுவிட்டால் போதும் என்று எழுதியிருக்கிறேன். எழுதியதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைத்தெருவில் பீரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார். வேடிக்கை பார்த்த ஆட்டோக்காரன் தன் வண்டியை இப்போது வேறு பட்டறையில் விட்டிருக்கிறானாம். பெரியவர் காதே சொல்லிவிட்டது என்று ஊரில் பேச்சாம்.

ஜூன் 19, வியாழன்

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

எனக்குக் கண் கொஞ்சம் மங்கல். மூக்கு நோட்டில் முட்டும்படி குனிந்துதான் எழுதுவேன். மாலை ஐந்து மணி இருக்கும். 'ஞ' எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டு பென்சிலைப் பல்லில் கடித்திருந்தேன். பென்சிலின் மறுமுனை மேசையில் குத்தி நின்றது. எனக்கு இரண்டு பல்தான் குறைவு. மற்றவை உறுதி. தவமணி அதே மேசையில் மிக்ஸியை வைத்துத் தேங்காய் அரைக்கத் தொடங்கினாள்.

என் தலைக்குள் மிக்ஸி ஓடியது.

கரகரவென்று, தேங்காய் சில்லு ஒவ்வொன்றும் இடிபட்டு, பிறகு குழைந்து, மெலிதாகி. எத்தனை நாளாயிற்று. பென்சிலை எடுத்தேன். மிக்ஸி நின்றது. ஆனால் ஜாருக்குள் சட்னி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. திரும்பக் கடித்தேன். வந்தது. எடுத்தேன். போனது. கடித்தேன். வந்தது.

"என்னப்பா சிரிக்கிறீங்க?" என்று தவமணி வாயசைத்தாள்.

"சட்னி நல்லாருக்கு" என்றேன்.

"இன்னும் உப்பே போடல."

காது மூடிய வீட்டில் இன்னொரு வாசல் பல்லில் இருந்திருக்கிறது. பயிற்சி பண்ணிப் பார்க்க மேசை, கதவு, அடுப்பு மேடை எல்லாவற்றையும் பென்சிலால் கடித்துக் கேட்டேன். குக்கரில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. மேடையில் பென்சிலை ஊன்றினேன். விசில் அடித்தது. நன்றாகவே அடிக்கிறது. பழைய வெயிட்டும் நன்றாகத்தான் அடித்திருக்கும்.

ஜூன் 20, வெள்ளி

காலை ஆறு மணி. எல்லோரும் வேனில் ஏறிவிட்டார்கள். தவமணி சாவியைப் போட்டாள். நான் போய் வேனுக்கு முன்னால் நின்றேன்.

"அப்பா, தள்ளுங்க. நேரமாச்சு."

"எல்லாரும் இறங்குங்க. ஜாக்கிய எடு" என்றேன்.

என் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் உடனே இறங்கினார்கள். அவளும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜாக்கியை எடுத்தாள். முன் சக்கரத்துக்குக் கல் வைத்தோம். பின்பக்கத்தைத் தூக்கினோம். கியர் போட்டுச் சக்கரத்தைச் சுழல விட்டாள். நான் ஈரத்தில் படுத்து, ஸ்க்ரூ டிரைவரின் முனையை இடது சக்கரத்தின் உள்பக்கம் ஊன்றி, கைப்பிடியைப் பல்லால் கடித்தேன்.

எஸ்தர் குனிந்து பார்த்தாள். அவள் வாயை எப்போதும் படிக்க முடியும். "என்னண்ணே, வீட்ல ஆப்பம் போடலையா? இரும்பத் திங்கிறீங்க" என்றாள்.

கேட்டது. தகர டப்பாவில் பத்துப் பன்னிரண்டு சோழியைப் போட்டுக் குலுக்குவது போல் கேட்டது. அதற்கு அடியில் இன்னொரு சத்தம், இரும்பு இரும்பைத் தின்கிற சத்தம். பேரிங் தேய்ந்து, உட்கார்ந்திருந்த தண்டையும் தின்றுகொண்டிருக்கிறது. அதற்குத்தான் ராடு. அதற்குத்தான் அந்த மூவாயிரத்து இருநூறு. வலது பக்கமும் வைத்துக் கடித்தேன். அங்கே தேனீக் கூட்டில் காது வைத்ததுபோல் ஒரே சீரான ரீங்காரம். இனி கொஞ்ச நாளுக்குக் கவலையில்லை.

எட்டு நாள் என்று முன்பு சொல்வேன் இல்லையா. இடது பக்கத்துக்கு நாலு நாள்கூடக் கிடையாது.

எழுந்தேன். முதுகெல்லாம் சேறு. தவமணி எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள்.

"பீர் எழுதினது சரிதாம்மா. அன்னைக்கு நான் சொன்னது பொய். எனக்கு ஒண்ணும் கேக்கல. ஒரு வருஷத்துக்கு மேல காது கேக்கல. அந்தத் தாள்ல கீழ ஒரு வரி இருந்தது, மலை இறங்க வேண்டாம்னு. அதையும் நான் படிக்கல. கையெழுத்துன்னு நெனச்சுட்டேன். செவ்வாக்கிழமை படிச்சுட்டேன். மூணு நாளா சொல்லல."

யாரும் பேசவில்லை. பேசினார்களோ என்னவோ. எஸ்தர் வாய்கூட மூடியிருந்தது.

தவமணி அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். தோள் அசைந்தது. ஏதோ சொல்கிறாள் என்று தெரிந்தது. பிறகு ஞாபகம் வந்தவள்போல் என் பக்கம் முகத்தைத் திருப்பி, வாயை நன்றாகத் திறந்து, மறுபடியும் சொன்னாள்.

"குக்கர் வெயிட்டக்கூட மாத்தினேனேப்பா. ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா?"

எஸ்தர்தான் முதலில் சிரித்தாள். பிறகு அவளே கண்ணைத் துடைத்தாள். மருந்து போடுகிற கண் என்பதால் அடிக்கடி துடைப்பாள். எல்லோரும் எட்டு மணி பஸ்ஸுக்குப் போனார்கள்.

மாலை

பட்டறை வரை மேடு பள்ளம் இல்லை. வேனை நடக்கிற வேகத்தில் கொண்டுபோனோம். பீர் எங்களைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார். நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். தவமணிக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னேன். இரண்டாம் முறை சுலபமாக இருந்தது.

பீர் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"கீழ எழுதியிருக்கேன், படிச்சுக்கோங்கன்னு சொன்னேனே பெரியவரே. தலையாட்டினீங்களே. ரெண்டு வெள்ளி, ரெண்டு செவ்வா... நான் என்னைக்குப் போன் வருமோன்னு..." என்றார்.

அவர் கணக்கு தப்பு. ஒரு வெள்ளி, ஒரு செவ்வாய்தான். நான் திருத்தவில்லை.

கழற்றினார். இடது சக்கரம் கையால் இழுத்ததற்கே விரல் அளவு வெளியே வந்தது. தவமணி அதைப் பார்த்துவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். ராடில் பேரிங் உட்காரும் இடம் சுரண்டிய கேரட் போல் இருந்தது.

"வலது பக்கம் நல்லாருக்கு பீரு. பல்லுல கேட்டேன்" என்றேன்.

"பல்லுலயா?"

செய்து காட்டினேன். பீர் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தானும் கடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். "எனக்கு டீசல் டேஸ்ட்தான் வருது" என்றார். அன்றைக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான்.

வலது பேரிங்கை மாற்ற வேண்டுமா என்று பேசினோம். "நல்லதுதான். இல்லேங்கல. ஆனா ரெண்டும் ஒரே வயசு. ஒண்ணு போனா மத்தது ரொம்ப நாள் தங்காது. மறுபடி பிரிச்சா மறுபடி கூலி" என்றார் பீர். நான் யோசித்தேன். ஃபேக்டரியிலும் ஜோடியாகத்தான் மாற்றுவோம். "ரெண்டையும் போடுங்கண்ணே" என்று பெஞ்சிலிருந்து தவமணி சொன்னாள். என்னைக் கேட்கவில்லை. அது சரி.

கழற்றிய பழைய சாமான்களைப் புது சாமான் வந்த அட்டைப்பெட்டியில் போட்டுக் கையில் கொடுப்பது பீரின் வழக்கம். மாற்றாமலே மாற்றினேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். பெட்டியை வாங்கிக்கொண்டேன். பழைய பேரிங்கைக் குலுக்கினேன். கையிலேயே தெரிந்தது.

பிறகு அந்தத் தாளை எடுத்தேன். பீரிடம் பேனா வாங்கினேன். மலை இறங்க வேண்டாம் என்ற வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. கால் மணி நேரம் எழுதினேன். இரண்டு ஆட்டோக்காரர்களும் வந்து நின்று பார்த்தார்கள். நல்லது என்று நினைத்துக்கொண்டேன். எழுதியது இது.

இது நியாயமான விலை. நான் சொன்னதுதான் தவறு. சுடலைமுத்து.

பீர் படித்தார். டயர் கம்பெனி காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். முன்பு கைநாட்டு வைத்த விரலால் எழுதியது சுவரில் தொங்குகிறது. வீட்டுக்கு வரும்போது மூன்று முறை திரும்பிப் பார்த்தேன். தவமணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

தவமணி பொள்ளாச்சி போய் வந்தாள். என்னையும் ஏற்றிக்கொண்டாள், காது டாக்டரிடம். அவர் என் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் தவமணியிடம் பேசினார். பிறகு அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பீரை விட மோசமான எழுத்து. கடைசி வரி வரை படிக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். டாக்டர் சிரித்துக்கொண்டு விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகக் காட்டினார். அடுத்த மாதம் மறுபடி வர வேண்டுமாம். கருவி வைத்தால் கொஞ்சம் கேட்குமாம்.

இறங்கும்போது நாற்பது வளைவிலும் தவமணி என்னைக் கண்ணாடியில் பார்த்து, பின்னால் சத்தம் இல்லை என்று தலையை ஆட்டினாள். ஒன்பதாவது வளைவில் வரையாடு நின்றது.

ஜூன் 26, வியாழன்

மழை. குக்கரைப் பார்த்துக்கொள்வது இப்போது என் வேலை இல்லை. பதிலுக்குக் கீரை ஆய்கிறேன்.

எழுதும் மேசைக்குப் பக்கத்தில், தகரக் கூரையைத் தாங்கும் மரத்தூண் இருக்கிறது. இத்தனை நாள் அதை நான் கவனிக்கவில்லை. இன்று எழுத உட்கார்ந்தபோது பென்சிலைக் கடித்து அதன் முனையைத் தூணில் ஊன்றினேன்.

மழை பஞ்சு இல்லை. அதே பழைய ஆனி மழைதான். கூரை முழுக்க ஆயிரம் பேர் ஓடுகிறார்கள். மூலையில் ஒழுகும் இடத்தில் ஒரு துளி மட்டும் தனித் தாளம் போடுகிறது. எங்கோ தூரத்தில் ஃபேக்டரி சங்கு. இத்தனை நாளும் அது ஊதாமல் இருந்ததில்லை.

இதை எழுதப் பென்சிலை வாயிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. எடுத்தால் மழை நின்றுவிடுகிறது. ஒரு வரி எழுதுகிறேன், ஒரு மழை கேட்கிறேன். மறுபடி ஒரு வரி. இருப்பது ஒரே பென்சில்.

இன்றைக்கு எழுதியது போதும்.